கப்பலுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

பணத்தைக் கொட்டினால் தரம் தானாக வந்துடுமா? அமெரிக்கக் கம்பளக் கோடீஸ்வரர் அலெக்சாண்டர் காக்ரனின் கதையைக் கேளுங்கள்.

1915-ல் அவருக்காக ‘சீ கால்’ என்ற சொகுசுப் படகு தயாரானது. 200 அடிக்கு மேல் நீளம். வெளித்தகடு முழுக்க மோனல். நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். உப்புத் தண்ணிக்கு லேசில் மசியாது. விலையில் இரும்பு கிட்டேயே நிற்க முடியாது! ஆனால், உள்ளே இருந்த சட்டங்கள் சாதா எஃகு. அங்கேதான் வந்தது வினை.

இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டிக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்றால், அது ஒரு பேட்டரி மாதிரி. மோனல் ஜம்மென்று இருக்க, எஃகு அரித்துக்கொண்டே போனது. சில மாதங்களிலேயே படகை உடைத்துப் போட வேண்டியதாயிற்று. போட்ட முதல் அத்தனையும் கடலோடு!

ஆர்டர் கொடுக்கும்போது ‘எது உசத்தி?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘எது எதோடு சேரும்?’ என்றும் கேட்கணும். பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டுமில்லை சார்!