பன்னிரண்டு ரேடியோவும் ஒரு அகால நேரமும்

1951 மே மாதம், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மெக்மிலின் அரங்கம். மேடையில் 12 ரேடியோக்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர்: ஒருத்தர் ஸ்டேஷன் மாற்ற, இன்னொருத்தர் வால்யூமையும் டோனையும் கவனிக்க. ஆக 24 பேர். நடத்தியவர் அதை எழுதிய ஜான் கேஜ். உருப்படியின் பெயர் ‘இமாஜினரி லேண்ட்ஸ்கேப் நம்பர் 4’, நீளம் ஏறத்தாழ நாலு நிமிஷம்.

நிகழ்ச்சியின் கடைசியில்தான் இதன் முறை வந்தது. அதற்குள் ராத்திரி வெகுநேரம் ஆகி, பாதி ஸ்டேஷன்கள் கடையைக் கட்டிவிட்டன. கொஞ்சம் கரகரப்பு, எங்கோ ஒரு துண்டுப் பேச்சு, நிறைய மௌனம். அன்றைக்கு இருந்தவர்களில் பலர் இதை ஒரு தோல்வி என்றே நினைத்தார்கள். ஹென்றி கவல் போன்ற நண்பரே, நேரமானதுதான் கெடுத்துவிட்டது என்ற தொனியில் எழுதினார்.

எனக்கென்னவோ அந்த விளக்கம் போதவில்லை. நொட்டேஷனில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வால்யூம் 3லிருந்து 15 வரை எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 3 என்றால் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் காதில் விழாது. 15 முழுச் சத்தம். அதில் வருவது பெரும்பாலும் சின்ன எண்கள்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசித்திருந்தாலும் இது அடக்கமாகத்தான் கேட்டிருக்கும். கேஜும் பின்னாளில் இதையேதான் சொன்னார்.

அந்த எண்களையும் அவர் இஷ்டத்துக்குப் போடவில்லை. மாணவர் கிறிஸ்டியன் வுல்ஃப் கொடுத்த ‘ஈ சிங்’ என்ற பழைய சீனக் குறிநூலை வைத்துக்கொண்டு, காசு சுண்டி முடிவு செய்தார். நம்மூர் சோழி உருட்டல் மாதிரி, ஆனால் அசுரப் பொறுமையோடு. எந்த இடத்தில் முள் நிற்க வேண்டும் என்பது வரை கறாராக எழுதியாயிற்று. அந்த இடத்தில் என்ன ஒலிக்கும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அது அன்றைய ஒலிபரப்பாளர்களின் தயவு.

இந்தத் தயவு ஒருமுறை கிடைக்காமலே போனது. 1960இல் ‘ஐ’வ் காட் எ சீக்ரெட்’ என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் ‘வாட்டர் வாக்’ வாசிக்க வந்தார். குளியல் தொட்டி, பிரஷர் குக்கர், ரப்பர் வாத்து, ரோஜாப்பூ, கூடவே ஐந்து ரேடியோ. ரேடியோவுக்கு பிளக் மாட்டுவது எந்தத் தொழிற்சங்கத்தின் வேலை என்று இரண்டு சங்கங்களுக்குள் தகராறு. (நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கு!) கடைசிவரை கரண்ட் வரவில்லை. மனிதர் அசரவில்லை. ஆன் செய்ய வேண்டிய இடத்தில் ரேடியோவை ஓங்கித் தட்டினார். ஆஃப் செய்ய வேண்டிய இடத்தில் மேஜையிலிருந்து கீழே தள்ளிவிட்டார். சபை சிரித்துக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு நிலைமை வேறு. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 முடிவில் மீடியம் வேவ் ஒலிபரப்பையே நிறுத்திவிட்டது. நார்வே 2017இல் தேசிய எஃப்எம்மை மூடிவிட்டு டிஜிட்டலுக்குப் போனது. இந்த உருப்படியை அரங்கேற்ற பழைய ரேடியோ தேடிப்பிடிக்கலாம். ஸ்டேஷனை எங்கே போய்த் தேடுவது? பழைய பதிவுகளை ஓடவிட்டு ஒப்பேற்றினால் அது வேறு உருப்படி. என்னைக் கேட்டால் முள்ளை எழுதியபடியே திருப்பி, வருகிற இரைச்சலை அப்படியே விட்டுவிடலாம். 1951இல் வந்தவர்களுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அதுதானே.