செயற்கை ஈயும் சமூக வரலாறும்

மனிதன் ஆக்கிய பொருள்களுள் மிகச் சிறியனவாகிய சில, அவனது வரலாற்றின் பெரும்போக்குகளைத் தம்முள் அடக்கியனவாய் விளங்குகின்றன. தூண்டில் முள்ளொன்றின்மீது பட்டு நூலாலும் இறகாலும் உரோமத்தாலும் கட்டப்படும் செயற்கை ஈ அத்தகையதொரு பொருளாகும். குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் ட்றவுட், சல்மன் ஆகிய மீன்களை ஏமாற்றிப் பிடிப்பதற்கென ஆக்கப்படுவது இது. மேனாட்டுச் செல்வரின் பொழுதுபோக்கெனக் கருதி வரலாற்று மாணவர் இதனை ஒதுக்கிவிடுதல் இயல்பே. ஆயினும், இதன் வளர்ச்சியை நுணுகி நோக்குமிடத்து, தொழில் செய்வோரின் பட்டறிவு எவ்வாறு நூலறிவாக மாறுகின்றது, அவ்வறிவுக்கு எவ்வகுப்பார் உரிமை கொண்டாடுகின்றனர், ஒரு பேரரசின் வணிகம் எத்தொலைவிலுள்ள காடுகளைத் தீண்டுகின்றது ஆகிய வினாக்களுக்கு இச்சிறு பொருள் விடை தருவதைக் காணலாம்.

கட்டும் முறை

வரலாற்றைக் கூறுமுன் தொழிலின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். முள் ஒரு சிறு பிடிகருவியில் இறுக்கப்படுகின்றது. மெழுகு பூசிய பட்டு நூல் முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றப்படுகின்றது. பின்னர் இறகின் சில இழைகள் வாலாகவும், முயல் முதலியவற்றின் உரோமத்தை நூலிலே திரித்துச் சுற்றியது உடலாகவும் அமைகின்றன. பொன்னிற அல்லது வெள்ளிநிறக் கம்பியிழை உடலின் வளையங்களைக் காட்டும். சேவலின் கழுத்திறகொன்றைத் தலைப்புறத்திற் குறுக்காகச் சுற்றும்போது அதன் இழைகள் பூச்சியின் கால்கள் போல எப்புறமும் விரிந்து நிற்கின்றன. ஈற்றில் நூல் முடிச்சிடப்பட்டுத் தலை அரக்கெண்ணெயால் மூடப்படுகின்றது. தேர்ந்த கைக்குச் சில நிமிடங்களே போதுமான இவ்வேலையைக் கையினின்றும் முற்றாக விடுவிக்கத்தக்க பொறி இன்றுவரை வழக்கிற்கு வரவில்லை. இவ்வுண்மை பின்னர் நோக்கப்படும் ஒரு விடயத்திற்கு அடிப்படையாகும்.

தோற்றம்

செயற்கை ஈ பற்றிய தெளிவான பழைய சான்று கி.பி. 200ஆம் ஆண்டளவில் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் என்பாரின் விலங்கியல்பு பற்றிய நூலிற் கிடைக்கின்றது. மசிடோனியாவில் பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடும் அஸ்திரேயஸ் ஆற்றில் புள்ளிமீன்கள் ஒருவகை ஈயை நீர்மட்டத்திற் பாய்ந்து உண்ணுவதையும், மனிதர் கைபட்ட ஈ நிறமிழந்து பயனற்றுப் போவதால் அவ்வூர் மீனவர் முள்ளிலே செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழ் வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டை இணைத்து மீனை ஏமாற்றியதையும் அவர் விவரிக்கின்றார். இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஏலியன் செய்தியைத் தொகுத்தவரேயன்றி முறையைக் கண்டவரல்லர். கண்டவர்கள் பெயரறியா மீனவர்கள். உயிருள்ள ஈயை முள்ளில் ஏற்ற முயன்று தோற்ற அனுபவமே அவர்களைச் செயற்கையின்பால் இட்டுச் சென்றது. தேவையும் தோல்வியும் சேர்ந்து தொழில்நுட்பத்தைப் பிறப்பித்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டெனலாம்.

அச்சு நூலும் வகுப்பு வேறுபாடும்

இங்கிலாந்தில் இக்கலை பற்றி அச்சேறிய முதல் நூல் 1496ஆம் ஆண்டில் விங்கின் டி வோர்ட் என்னும் அச்சாளரால் வெஸ்ட்மின்ஸ்ரரில் வெளியிடப்பட்ட தொகுப்பொன்றில் இடம்பெற்றது. யூலியானா பேணர்ஸ் என்னும் பெருமாட்டி அதன் ஆசிரியர் எனக் கூறும் மரபு நிலவினும் அதற்கு உறுதியான ஆதாரமில்லை. பன்னிரண்டு செயற்கை ஈக்களை அவை பயன்படும் மாதங்களோடு அந்நூல் குறிப்பிடுகின்றது. கம்பளி, மயில், காட்டுவாத்து முதலிய எளிதிற் கிடைத்த பொருள்களே அவற்றிற் பயன்பட்டன. தனிச் சிறுநூலாக மலிவாக விற்கப்படின் சோம்பேறிகள் கையிலும் அகப்பட்டுவிடும் என்பதாலேயே உயர்குடியினர் வாங்கும் பெருநூலுடன் அது சேர்க்கப்பட்டதென அந்நூலின் முடிவிலேயே கூறப்பட்டுள்ளமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. மீனவரின் பட்டறிவு எழுத்து வடிவம் பெற்ற அந்த வேளையிலேயே, அதன்மீது வேலியும் இடப்பட்டுவிட்டது.

1653இல் ஐசாக் வோல்ற்றனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் வெளிவந்தது. செயற்கை ஈயைப் பொறுத்தவரை அந்நூலின் 1676ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்ட பகுதியே முக்கியமானது. அதனை எழுதிய சாள்ஸ் கொற்றன், டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். அறுபதுக்கு மேற்பட்ட ஈக்களை மாதவாரியாக விவரித்து, உடலுக்குரிய உரோமத்தின் நிறத்தை வெளிச்சத்திற்கெதிரே பிடித்துப் பார்த்தே தேரவேண்டுமென்ற அளவிற்கு நுணுக்கங் காட்டினார்.

அவதானிப்பும் அதிகாரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கை விஞ்ஞானத்தின் செல்வாக்கு இக்கலையையும் பற்றியது. அல்பிரெட் றொனல்ட்ஸ் என்பவர் ஸ்ரபோட்சயரிலுள்ள பிளைத் ஆற்றின் கரையில் அவதானிப்புக் குடிலொன்றை அமைத்து, மீன் நீருக்கடியிலிருந்து எவ்வாறு பார்க்கின்றதென ஆராய்ந்தார். 1836இல் அவர் வெளியிட்ட நூல், இயற்கைப் பூச்சியையும் அதனைப் போன்ற செயற்கை ஈயையும் அருகருகே வண்ணப்படங்களாகக் காட்டிற்று. அதுவரை ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் வழங்கிய ஈக்கள் இனம் பிரித்தறியப்படலாயின.

இதே நூற்றாண்டின் பிற்பகுதியில் முள்ளின் அமைப்பிலும் மாற்றம் ஏற்பட்டது. முன்னர் முள்ளுக்குக் காதில்லை. பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுக்கப்பட்ட நரம்பையோ குதிரை வால்மயிரையோ முள்ளுடன் சேர்த்தே ஈயைக் கட்டவேண்டியிருந்தது. நரம்பு அறுந்தால் ஈயும் வீணாகும். 1870களின் இறுதியிலிருந்து, காதுள்ள சிறு முட்களைத் திருத்தமாகச் செய்விப்பதில் முன்னின்றவர் ஹென்றி சின்கிளயர் ஹோல் என்னும் பாடசாலை ஆசிரியராவார். ஹோலும் நைற்றும் எழுதிய அட்சரகணித நூலின் வாயிலாக ஆசிய மாணவர் பல தலைமுறையினருக்கு அறிமுகமான அதே ஹோலே இவர்.

காதுள்ள முள் நீரில் மிதக்கும் உலர் ஈயின் பரவலுக்கு வழிகோலிற்று. பிரெடரிக் ஹல்போட் 1886இலும் 1889இலும் வெளியிட்ட நூல்கள், தென் இங்கிலாந்தின் தெளிந்த சுண்ணக்கல் ஓடைகளில் மேலெழும் மீனுக்கு, அது அவ்வேளை உண்ணும் பூச்சியின் சரியான சாயலையே மிதக்கவிட வேண்டுமென்ற நெறியை வகுத்தன. அவதானிப்பில் தொடங்கிய அக்கொள்கை நாளடைவில் ஓர் ஒழுக்கக் கோட்பாடாக இறுகிற்று. நீருக்குள் அமிழும் ஈயைப் பயன்படுத்துதல் கண்ணியமற்றதென அவரைப் பின்பற்றியோர் கருதலாயினர். இதனை எதிர்த்தவர் வழக்கறிஞரான ஸ்கியூஸ். பிடிபட்ட மீன்களின் வயிற்றை ஆராய்ந்த அவர், ட்றவுட் தன் உணவின் பெரும்பகுதியை நீர்மட்டத்திற்குக் கீழேயே பெறுகின்றதென்பதைக் காட்டி, பூச்சியின் இளம்பருவத்தைப் போன்ற ஈயை 1910ஆம் ஆண்டு முதல் தம் நூல்களில் வலியுறுத்தினார். 1938இல் இலண்டன் ஈத்தூண்டிலாளர் கழகத்தில் இது குறித்து விவாதம் நடக்குமளவிற்குப் பூசல் நீடித்தது. மீனின் வயிற்றிலிருந்த சான்று, மனிதரின் அதிகாரத்தை வெல்வதற்குக் கால்நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

பேரரசின் இறகுகள்

இவ்வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயம் சல்மன் ஈயைப் பற்றியதாகும். கடலிலிருந்து முட்டையிடுவதற்காக ஆறேறும் சல்மன் நன்னீரிற் பெரும்பாலும் உணவருந்துவதில்லை. எனவே சல்மன் ஈ எப்பூச்சியையும் போன்றிருக்க வேண்டிய தேவையில்லை. தேவையால் வரையறுக்கப்படாத இவ்விடத்தை ஆடம்பரம் நிரப்பிற்று. 'யொக் ஸ்கொட்' என்னும் பெயர்பெற்ற ஈயில் பொற்கோழியின் கொண்டை, தூக்கான் மார்பிறகு, மயிலிறகு, மக்கோ கிளியின் வாலிழை, நீலக் கொற்றிங்கா இறகு முதலியன ஒருங்கே இடம்பெற்றன. தென்னமெரிக்கப் பறவையொன்றின் செம்மார்பிறகு 'இந்தியக் காகம்' எனச் சந்தையில் வழங்கிற்று. அப்பறவை இந்தியாவுக்குரியதுமன்று, காகமுமன்று. பொருள் எங்கிருந்து வருகின்றதென்பதை நுகர்வோர் அறியவேண்டியதில்லை என்ற நிலையைப் பெயரே புலப்படுத்துகின்றது. பெண்களின் தொப்பிகளுக்கென இலண்டனில் பெருகியிருந்த இறகு வாணிபமே இவற்றையும் வழங்கிற்று. 1895இல் ஜோர்ஜ் கெல்சன் வெளியிட்ட சல்மன் ஈ நூல் இவ்வாடம்பரத்தின் உச்சத்தைக் குறிக்கின்றது.

இவ்வாணிபத்திற்குத் தமிழகத்து மலைக்காடுகளும் பலியாயின. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதனைச் சூழ்ந்த தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுகளில், அரக்குத் துளிபோற் பளபளக்கும் வெண்மஞ்சட் புள்ளிகள் உள்ளன. மீனின் கண்போலத் தோன்றுவதற்காக ஈயின் இருபுறமும் இவை வைக்கப்பட்டன. இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழிக்கு அத்தகைய புள்ளிகள் இல்லை. தன் உறவுப் பறவைக்கு நேர்ந்த கதிக்கு அது தப்பியமைக்கு இக்குறையே காரணமாகலாம். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902இலும், பிரித்தானியாவினுள் இறகு இறக்குமதி 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டன.

இவ்வளவு ஆடம்பரமும் மீனுக்குத் தேவைப்பட்டதா என்பதே வினா. ட்றவுட்டைப் பொறுத்தவரை, ஸ்கொட்லாந்தவரான ஸ்ருவேட் 1857இலேயே எளிய ஈக்கள் சிலவே போதுமென எழுதியிருந்தார். வட இங்கிலாந்து ஆற்றங்கரை மக்கள் உள்ளூர்ப் பறவையின் மென்னிறகொன்றையும் பட்டு நூலையும் மட்டுமே கொண்டு கட்டிய ஈக்களை 1885இல் பிறிற் என்பவர் பதிவுசெய்துள்ளார். அவை இன்றும் பயன்படுகின்றன. இறகைக் கேட்டது மீனன்று. மதிப்பை நாடிய மனிதனே கேட்டான்.

அம்மோகம் இன்னும் அழியவில்லை. 2009 யூன் மாதத்தில் இங்கிலாந்தின் றிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. திருடியவர் பழம்பாணிச் சல்மன் ஈ கட்டுவதில் வல்ல இளைஞர். அவற்றுட் சில அல்பிரெட் றசல் வொலஸ் சேகரித்தவை. மீட்கப்பட்ட பலவற்றிலிருந்து, எங்கே எப்பொழுது பிடிக்கப்பட்டதென்பதைக் கூறும் சீட்டுகள் அகற்றப்பட்டிருந்தன. சீட்டிழந்த தோல் விஞ்ஞானத்திற்கு ஊமையாகிவிடுகின்றது.

கட்டும் கைகள்

நூல்கள் எழுதியோரும் கழகங்களில் வாதிட்டோரும் பெரும்பாலும் ஆடவரே. ஈ கட்டிப் பிழைத்தோருள் பெண்கள் பலர். 1892இல் ஈக்களின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்ட அமெரிக்கப் பெண்மணி மேரி ஓவிஸ் மாபரி, வெர்மொன்ற் மாநிலத்தில் ஈ கட்டும் பெண்தொழிலாளரை மேற்பார்வை செய்தவர். ஸ்கொட்லாந்தின் வடபகுதியில் சிறுகுடிலில் வாழ்ந்த மேகன் போய்ட், அரசகுடும்பத்தவர் உட்படப் பலருக்குச் சல்மன் ஈக்கள் கட்டி 1971இல் பதக்கமும் பெற்றார். ஆயினும் அவர் சல்மன் பிடித்ததில்லை. மீனைக் கொல்ல அவர் மனம் இடந்தரவில்லை.

குடியேற்ற ஆட்சி மீனையும் தூண்டிலையும் தன்னுடன் கொண்டு சென்றது. 1880களில் நுவரெலியாவுக்கு ட்றவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டன. பின்னர் வந்த வானவில் ட்றவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைகொண்டது. அவ்வோடைகளில் தோட்டத்துரைமார் தூண்டில் வீசிய பொழுதில், அவர்களின் ஓய்வுக்கு வேண்டிய செல்வத்தை அடுத்த மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் கொழுந்தாகக் கொய்துகொண்டிருந்தனர். கென்யாவில் குடியேற்றக் காலத்தில் தொடங்கிய ஈ கட்டும் தொழில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. கைவேலையைப் பொறி வெல்லாத காரணத்தால், மேனாட்டுச் சந்தைக்கு வேண்டிய ஈக்கள் கூலி குறைந்த நாடுகளிற் கட்டப்படலாயின. தாய்லாந்தைப் போன்று இலங்கையும் அவற்றுள் ஒன்று. தாம் என்றும் காணாத ஆற்றுக்கு, தாம் என்றும் பிடிக்காத மீனுக்கு இத்தொழிலாளர் ஈ கட்டுகின்றனர்.

முடிவுரை

செயற்கை ஈயின் வரலாறு, பெயரறியா மீனவரின் கூர்நோக்கிற் பிறந்து, நூலோரின் உடைமையாகி, பேரரசின் ஆடம்பரமாய்ப் பெருகி, மீண்டும் பெயரறியாத் தொழிலாளரின் கைகளிலே வந்து நிற்கின்றது. ஸ்கியூஸ் மீனின் வயிற்றைப் பார்த்து உண்மையை நிறுவியது போல, வரலாற்று மாணவரும் பொருளின் பளபளப்பைக் கடந்து அதன் உட்கூறுகளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அங்குலமளவான ஈயொன்றைப் பிரிக்கும்போதே காடும் கடலும் கூலியும் வெளிப்படுமாயின், நாள்தோறும் கையாளப்படும் ஏனைய பொருள்களைப் பிரித்து நோக்கின் வெளிப்படுவன எத்தனையோ. அவ்வாராய்ச்சி இனிமேற்றான் செய்யப்படவேண்டியுள்ளது.