எடையா, எண்ணிக்கையா? நானோப் பொருள்களும் சட்டமும்

பரமத்தி வேலூர்ச் சந்தையில் வெற்றிலையை யாரும் நிறுத்து வாங்குவதில்லை. எண்ணியே வாங்குகிறார்கள். ஏறத்தாழ நூறு இலை கொண்டது ஒரு கவுளி. அதே ஊரில் வெல்லத்தை எடை போட்டு விற்கிறார்கள். எந்தப் பொருளை எந்த அளவையால் அளப்பது என்பது வியாபாரிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைத் துகள்களை முன்னிட்டு, உலக அரசுகளும் இன்று இதே கேள்வியை எதிர்கொண்டுள்ளன. அந்தத் துகள்களே நானோப் பொருள்கள்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 80,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோத் துகள்கள் என்கிறோம்.

இவ்வளவு சிறியதாக்குவதால் என்ன மாறிவிடும் என நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துகளை 50 நானோமீட்டர்த் துகள்களாக உடைத்தால் 8,000 துகள்கள் கிடைக்கும். மொத்த எடை மாறாது. ஆனால் மேற்பரப்பு 20 மடங்காகிவிடும். வேதிவினைகள் மேற்பரப்பில்தான் நிகழ்கின்றன. ஆகவே பொருளின் குணமே மாறிவிடலாம். சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயத்திலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, நானோ அளவில் வெண்மை மறைந்து, வெயில் காப்புக் களிம்புகளில் நிறமின்றி நிற்கிறது. பெயர் ஒன்றே, வாய்பாடும் ஒன்றே. பெயரையும் எடையையும் மட்டும் பார்க்கும் சட்டத்தின் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒரே பொருள்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் பிறந்த கதை

நம் நாட்டில் உரங்களுக்கான முதல் கட்டுப்பாட்டு ஆணை 1957இல் வந்தது. இப்போது நடப்பில் உள்ளது 1985ஆம் ஆண்டின் ஆணை. உரத்தில் தழைச்சத்து இத்தனை விழுக்காடு, ஈரம் இத்தனை விழுக்காடு என்று எடைக் கணக்கிலேயே தரத்தை நிறுவிய ஆணைகள் இவை. யூரியா என்றால் 46 விழுக்காடு தழைச்சத்து என உழவர்கள் அறிந்திருப்பதும் இவ்வாணைகளின் பயனே.

பூச்சிமருந்துச் சட்டத்தின் வரலாறு துயரமானது. 1958இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில், உடன் ஏற்றிய பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கசிந்து கலந்தது. அதை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. இருப்பினும், மருந்துகளைப் பதிவு செய்த பின்னரே விற்க வேண்டும் என்னும் பூச்சிமருந்துச் சட்டம் நிறைவேறியது 1968இல்தான். சாவுக்கும் சட்டத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள்! பொருள் முதலில் வரும், கேடு அடுத்து வரும், சட்டம் கடைசியில் வரும் என்ற இந்த வரிசையை மாற்ற முடியாதா என்பதே நம் முன்னுள்ள வினா.

உரக்கடைக்கு வந்த நானோ

2021 பிப்ரவரி 24ஆம் நாள் மத்திய அரசின் அரசிதழில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இஃப்கோ கூட்டுறவு நிறுவனத்தின் நானோ யூரியா, உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் மூன்றாண்டுகளுக்கு ஏற்கப்பட்டது. தழைச்சத்து 4 விழுக்காடு என்று கூறியதோடு நில்லாமல், துகளின் அளவு எத்தனை நானோமீட்டர் இருக்க வேண்டும் என்றும் அவ்வறிவிப்பு வரையறுத்தது. உரச் சட்டத்தில் நானோமீட்டர்க் கணக்கும் இடம்பெற்றது. 2023 மார்ச்சில் நானோ டி.ஏ.பி.யும் ஏற்கப்பட்டது.

ஆனால் அளவு கூறப்பட்டதனால் வாதம் ஓயவில்லை. 500 மில்லிலிட்டர்ப் புட்டி ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு நிகர் என விளம்பரம் செய்யப்பட்டது. நீங்களே கணக்கிடுங்கள். மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. புட்டியில் உள்ளது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! நிலத்தில் இடும் யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது, இலையில் தெளிப்பது வீணாகாது என்பது ஆதரிப்போர் கூறும் விளக்கம். மூட்டையில் பாதி வீணானாலும் பத்துக் கிலோ மிஞ்சுமே என்பது மறுப்போர் வாதம். சுமார் 11,000 உழவர் வயல்களில் சோதித்ததில் விளைச்சல் சராசரி 8 விழுக்காடு கூடியது என்கிறது இஃப்கோ. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஈராண்டு ஆய்விலோ, வழக்கமான யூரியா முறையைவிடக் கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும் நெல் விளைச்சல் 13 விழுக்காடும் குறைந்தன. 2024 ஏப்ரலில் தழைச்சத்தை எடையில் 16 விழுக்காடாக உயர்த்திய புதிய வகை அறிவிக்கப்பட்டது. அதிலும் அரை லிட்டருக்குச் சுமார் 100 கிராம்தான்.

பயன் உண்டா என்னும் வாதம் இது. தீங்கு உண்டா என்பது வேறொரு கேள்வி. யூரியா இலைக்குப் புதிய பொருளன்று. ஆனால் வெள்ளி, செம்பு, துத்தநாக ஆக்சைடு முதலியவற்றின் நானோத் துகள்களும் வேளாண்மைக்கென ஆராயப்படுகின்றன. காவிரிக் கரையில் பொத்தனூர், பாண்டமங்கலம் கொடிக்கால்களில் பறிக்கும் வெற்றிலையை நாம் வேகவைப்பதில்லை. கழுவித் துடைத்து அப்படியே மெல்லுகிறோம். நெல்லுக்கு உமி உண்டு, வாழைப்பழத்துக்குத் தோல் உண்டு. வெற்றிலையிலோ தெளிக்கப்படும் இடமும் உண்ணப்படும் இடமும் ஒன்றே.

பிரான்சின் பேரேடு

பிரான்சு நாடு வேறொரு வழியைக் கண்டது. 2012 பிப்ரவரியில் பிறப்பித்து, 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி, ஆண்டுக்கு 100 கிராம் அல்லது அதற்குமேல் நானோப் பொருளைச் செய்வோர், இறக்குமதி செய்வோர், பிறருக்கு வழங்குவோர் அனைவரும் அரசுக்கு அறிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எதற்கு, யாருக்கு விற்றது என்பன பேரேட்டில் ஏறும். டென்மார்க், பெல்ஜியம், சுவீடன் ஆகியவையும் இவ்வழியில் பேரேடுகளைத் தொடங்கின. அமெரிக்காவில் ஒருமுறை மட்டும் அறிவிக்கும் விதி 2017இல் வந்தது.

எது நானோப் பொருள் என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2011இல் தந்த வரையறை சுவையானது. துகள்களில் பாதியோ அதற்கு மேலோ, எண்ணிக்கையில், 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடையில் பாதி என்று கூறவில்லை. ஒரு பெரிய துகளின் எடைக்குள் எட்டாயிரம் சிறு துகள்கள் ஒளிந்துகொள்ளும் என்பதை மேலே கண்டோம் அல்லவா? காரணம் அதுதான்.

பேரேடு வைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பிரான்சின் பேரேட்டை 2020இல் ஆராய்ந்தபோது, பெரும்பாலான பதிவுகளில் வேண்டிய விவரங்கள் முழுமையாக இல்லை எனத் தெரிந்தது. எனினும் விடுபட்டது எது என்று கூற முடிந்ததே, பேரேடு இருந்ததனால்தான்.

இந்தியாவில் மருந்துகளுக்கு 2019இலும், வேளாண்மை, உணவுப் பொருள்களுக்கு 2020இலும் நானோ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. இவை விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடைபோட உதவுபவை. நாட்டில் எந்த நானோப் பொருள் எவ்வளவு புழங்குகிறது என்று மொத்தமாகக் கேட்கும் பேரேடு நம்மிடம் இல்லை. அனுமதி என்பது ஒருநாள் பரீட்சை; அறிவிக்கை என்பது ஆண்டுதோறும் எழுதும் வரவு செலவுக் கணக்கு. முன்னது பின்னதற்கு ஈடாகாது. பத்தாண்டு கழித்து ஒரு பொருளில் ஐயம் எழுந்தால், அது எந்த வட்டாரத்தில், எந்தப் பயிரில் தெளிக்கப்பட்டது என்பதைக் கணக்கு வைத்தவர்களால் மட்டுமே கூற முடியும்.

அப்படியொரு கணக்கைத் தொடங்குவதற்குப் பேரறிவு வேண்டியதில்லை. உற்பத்தியாளரும் இறக்குமதி செய்பவரும் உண்மையை எழுதித் தர வேண்டும். அரசு அதைக் கேட்க வேண்டும். மக்கள் பார்க்க வகை செய்ய வேண்டும். 1958இல் சட்டம் சாவுக்குப் பின் வந்தது. இம்முறை கணக்காவது முன்னால் வரட்டும்.