வண்டலூர் கார்களும் பினியன் கோணமும்

மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றிக் கார் ஆலைகள் எழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரகடத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை முடிகிற வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் பின்சக்கர இயக்கக் கார்களைத் தயாரித்து வந்தது. அங்கு 1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் 1972இல் அதற்கு அடுத்து வந்த கெஸலுக்கும் இடையே நிகழ்ந்த முக்கியமான மாற்றம், வாங்குவோர் கண்ணில் எளிதில் படாத அடிப்பகுதியில் இருந்தது.

பின்சக்கர இயக்கத்தில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு புரொப்பல்லர் ஷாப்ட் எனப்படும். அச்சின் நடுவே அச்சுழற்சியை ஏற்றுக் கிரவுன் சக்கரத்துக்குத் தரும் சிறு பற்சக்கரமே பினியன். தண்டின் இரு முனைகளிலும் உள்ள, பட்டறைகளில் 'கிராஸ்' என்று வழங்கும் சிலுவை வடிவ இணைப்பு, 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த பழைய அமைப்பாகும். வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே செல்லும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறையும். 10 பாகை வளைவில் இவ்வேறுபாடு சராசரிக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6 விழுக்காடு. கியர்பாக்ஸ் தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்து, புரொப்பல்லர் ஷாப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், முன் கிராஸ் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வைப் பின் கிராஸ் நீக்கிவிடும். இல்லையேல் அதிர்வு எழுந்து, கிராஸ் விரைவில் தேயும்.

ஹெரால்டில் பினியனும் கிரவுன் சக்கரமும் அடங்கிய டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கினாலும் பினியன் அசையாது; அதன் கோணம் ஆலையிலேயே முடிவாகிவிட்டது. இந்திய வாங்குவோரும் மெக்கானிக்குகளும் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அந்த ஊசல் அச்சை அவ்வளவாக விரும்பாததால், கெஸலில் இரு சக்கரங்களையும் ஒன்றாகத் தாங்கும் முழு அச்சு வந்தது. இதைத் தொழில்நுட்பப் பின்னடைவாக மட்டும் காண்பது பொருந்தாது: நாட்டின் சாலைகளுக்கும் சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் பழகிய அமைப்பு அதுவே. ஆனால் முழு அச்சில் சக்கரத்தோடு பினியனும் இடம்பெயர்வதால், கோணத்தைக் காக்கும் பொறுப்பில் பட்டறைக்கும் பங்கு வந்தது. அம்பாசிடரைப் போல லீஃப் ஸ்பிரிங் மேல் அமர்ந்த அச்சில், வண்டி முடுக்கப்படும்போது பினியனின் மூக்கு மேலெழுவதால், நின்ற நிலையில் அதை ஓரிரு பாகை தாழ்த்தி வைப்பதும், அதற்காக அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு செருகுவதும் உண்டு.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோது, முன்சக்கர இயக்கத்தில் புரொப்பல்லர் ஷாப்டுக்கே இடமில்லாமல் போனது. எனினும் 2012இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட டெய்ம்லர் ஆலையின் பாரத்பென்ஸ் லாரிகள் பின்னச்சால் ஓடுபவை. நீண்ட லாரிகளில் தண்டைத் துண்டுகளாகப் பிரித்து நடுவே சென்டர் பேரிங் தாங்குவதால், கணக்கிட வேண்டிய கோணங்கள் மேலும் கூடுகின்றன. அதிகச் சுமைக்காக லாரியின் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் சேர்க்கும்போது வெற்று வண்டியின் உயரம் மாறி, தண்டின் கோணமும் மாறிவிடுவதால், அதன்பின் கோணத்தை மறுபடி அளக்காமல் கிராஸை மட்டும் மாற்றினால் அதிர்வு தீராது.