நாய்ஸ் கேட்: ஒரு சிறு வரலாறும் ஓர் எர்த் கம்பியும்

எங்கள் பக்கத்தில் சத்தம் என்பது ஒரு தொழில். சிவகாசியைச் சுற்றி, எம். புதுப்பட்டி உட்பட, எந்த ஊரை எடுத்தாலும் பட்டாசு வேலைக்குப் போகிறவர் யாராவது தெருவில் இருப்பார். அந்தச் சத்தத்துக்குச் சட்டமும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-இல் மத்திய அரசு விதி போட்டது. ஆக, எவ்வளவு சத்தம் போடலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. எதற்குக் கீழே இருப்பதைச் சத்தமாகவே கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதற்கும் ஓர் எண் உண்டா? கிதாரோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. உண்டு. அதன் பெயர் த்ரெஷோல்ட்.

விஷயத்துக்கு வருகிறேன். டிஜிட்டல் மாடலரில் ஹை-கெயின் ஆம்ப் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒன்றும் வாசிக்காமல் சும்மா இருந்து பாருங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், அதற்கு மேல் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். மாடலர் கெட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஹை-கெயின் என்றால் உள்ளே வரும் சிக்னலை ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ பெருக்குவது. கம்பியின் அதிர்வு பெருகும்போது, டியூப்லைட் சோக்கிலிருந்தும் ஃபேன் ரெகுலேட்டரிலிருந்தும் பிக்கப்புக்குள் நுழைந்த மின் இரைச்சலும் அதே அளவு பெருகும்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஏறக்குறைய ஜி ஸ்வரம். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் ஜி-க்குப் பக்கத்தில்தான். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அது பி-ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில். அவர்கள் வீட்டு இரைச்சலுக்கும் நம் வீட்டு இரைச்சலுக்கும் சுருதியே வேறு! ஆனால் ஏழு கம்பி கிதாரின் அடிக்கம்பி சுமார் 62 ஹெர்ட்ஸ். எட்டுக் கம்பியில் சுமார் 46. உறுமலை ஃபில்டர் போட்டு வெட்டப் போனால் கிதாரின் அடிவயிற்றையும் சேர்த்து வெட்ட வேண்டியதாகிவிடும். அதனால்தான் வேறு வழி தேவைப்பட்டது: வாசிக்கும்போது திறந்து, நிறுத்தியதும் மூடிக்கொள்ளும் ஒரு கதவு.

இந்தக் கதவு கிதாருக்காகப் பிறந்ததல்ல. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்த 1931-ஐ ஒட்டிய காலத்தில், ஹாலிவுட் ஒலிப்பதிவாளர்கள் ஒரு தொல்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். படச்சுருளின் ஓரத்தில் ஒலியை ஒளிக்கோடாகப் பதிவார்கள். யாரும் பேசாத இடத்தில்கூடச் சுருளில் வெளிச்சம் புகும் இடைவெளி இருக்கும். அங்கே படிந்த தூசியும் கீறலும் தியேட்டரில் சலசலப்பாகக் கேட்கும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, ஒலி இல்லாதபோது அந்த இடைவெளியை ஒரு சிறு ஷட்டரால் மூடிவிடுவது, ஒலி வந்ததும் திறப்பது. ஷட்டர் தாமதமாகத் திறந்தால் வசனத்தின் முதல் எழுத்து காணாமல் போகும். மெதுவாக மூடினால் வசனம் முடிந்த பிறகும் இரைச்சல் வால் பிடித்துக்கொண்டு வரும். இன்று மாடலரில் அட்டாக், ரிலீஸ் என்று நாம் திருகும் இரண்டு விஷயங்களும் அந்த ஷட்டரிலேயே இருந்திருக்கின்றன.

அடுத்த முக்கியமான அத்தியாயம் ஒன்றில் இந்தியாவும் வருகிறது. ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். சண்டிகரில் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாகத் துணை நின்றார். டேப்பின் சீறலைக் குறைக்கும் யோசனை அவருக்கு உருவானது அந்த வருடங்களில்தான் என்று சொல்லப்படுகிறது. 1965-இல் லண்டனில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். டால்பி செய்தது கேட் அல்ல. பதியும்போது மெல்லிய ஒலியைத் தூக்கிவிட்டு, திரும்பக் கேட்கும்போது அதே அளவு இறக்குவது. சிக்னலும் இரைச்சலும் கலப்பதற்கு முன்னாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிதாருக்கு வரும்போது தேவைப்படும்.

ஸ்டுடியோவுக்கான கேட் 1970 வாக்கில் பிரபலமாயிற்று. பால் பஃப் என்பவரின் அலிசன் ரிசர்ச் நிறுவனம் செய்த 'கெபெக்ஸ்' அதில் பேர் பெற்றது. 1980-இல் வெளிவந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பதிவானது. அப்போது ஹியூ பேட்கம் என்ற பொறியாளர், ஃபில் காலின்ஸின் டிரம்ஸ் ஒலியை எக்கச்சக்கமாக அமுக்கி, கேட் வைத்துச் சட்டென்று அறுத்தார். பெரிய கூடத்தின் முழக்கம், ஆனால் முழக்கம் ஓய்வதற்குள் மௌனம். அந்த ஒலி எண்பதுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இரைச்சலை மறைக்க வந்த கருவி இசைக்கருவியாக மாறிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கிதார்காரர்களின் காலடிக்கு இது வந்தது பெடலாக. 1987-இல் வந்த பாஸ் என்.எஸ்.-2 பெடலில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அதில் செண்ட், ரிட்டர்ன் என்று தனி ஓட்டைகள். டிஸ்டார்ஷனை அந்தச் சுற்றுக்குள் மாட்டிவிட்டால், பெடல் கவனிப்பது கிதாரிலிருந்து வரும் சுத்தமான சிக்னலை. அடக்குவது டிஸ்டார்ஷனுக்குப் பிறகான இரைச்சலை.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? டிஸ்டார்ஷன் என்பது தலையைச் சீவிவிடும் வேலை. கம்பி நன்றாக அடங்கி வந்தாலும், வெளியே வரும் ஒலியின் உயரம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அடிமட்டத்தில் கிடந்த இரைச்சலும் மேலே ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிப் போகும். அந்த நிலையில் கதவுக்காரனிடம் 'யாரை உள்ளே விடலாம்'னு கேட்டால் அவன் முழிக்கத்தான் செய்வான். ஆம்ப்புக்கு முன்னால் நின்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டால்பியின் பாடம் இங்கேயும் அதேதான்: கலப்பதற்கு முன்னால் பிடி.

லைன் 6 பாட் (1998), ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் (2006), கெம்பர் (2011), ஹீலிக்ஸ் (2015) என்று மாடலர்கள் வரிசையாக வந்தன. கெம்பர், ஹீலிக்ஸ் போன்றவற்றில் கேட் இன்புட்டிலேயே உட்கார்ந்திருப்பது இதனால்தான். ஸ்வீடனின் மெஷுகா லைன் 6 வெட்டாவோடு வேலை செய்து காட்டிய, கத்தியால் அறுத்த மாதிரியான கிதார் ஒலி, பிறகு ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. டெல்லியில் கேஷவ் தர் வீட்டிலிருந்து தொடங்கிய ஸ்கைஹார்பர் அந்த வழியில் வந்ததுதான். 2012-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே 'ஒயிட் நாய்ஸ்' என்ற சொல் இருக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு. 180 பிபிஎம் வேகத்தில் பதினாறாம் பங்கு ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 83 மில்லிசெகண்ட். அப்படி ஒரு ஸ்வர அளவுக்கு இடைவெளி விட்டு வாசிக்கும்போது ரிலீஸை 200-இல் வைத்திருந்தால், கதவு மூடி முடிப்பதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிடும். இடைவெளியில் மௌனமே விழாது. ரொம்பக் குறைத்தால் நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் கதவு படபடக்கும். நான் செய்வது இப்படி: கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு, த்ரெஷோல்டை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, இரைச்சல் அடங்கிய இடத்தில் நிறுத்துவேன். பிறகு ஒரு ஸ்வரத்தை நீளமாக விட்டு அது இயல்பாக ஓய்கிறதா என்று கேட்பேன். ஓயாமல் அறுந்தால் கேட்டைத் தொடுவதில்லை, கெயினைக் குறைப்பேன். பெரும்பாலும் கெயின்தான் அதிகமாக இருக்கும். வலது கை ஓரத்தால் கம்பியை அமுக்கும் பழக்கத்துக்கும் எந்தக் கேட்டும் மாற்று ஆகாது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். ரொம்ப நாளாக என் கேட்டின் த்ரெஷோல்ட் ஏறிக்கொண்டே இருந்தது. ஏற்றினால் சத்தம் நிற்கிறது, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் மாடலரை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் மாட்டி வாசிக்கும்போது, கம்பியைத் தொட்ட விரலில் சுருசுருவென்றது. சார்ஜரைக் கழற்றினேன், சுருசுருப்பும் போயிற்று, உறுமலில் பாதியும் போயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மூணு பின் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் என்பது பேருக்குத்தான்.

பட்டாசு ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போக வேண்டும், அதற்காக வாசலில் எர்த் செய்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைகள் காதிலும் விழுந்த பாடம். ஒரு பொறி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்த ஊர் இது. நானோ எர்த் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயை ஒரு திருகலில் மூடி வைத்திருந்தேன்.

இசை வரலாற்றிலும் இதற்கு ஒரு சோகப் பக்கம் உண்டு. 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சி நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27.

எர்த் அடித்துக் கம்பி இழுத்த பிறகு என் த்ரெஷோல்ட் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. டோன் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: கேட் போடுவதற்கு முன் ஒரு தடவை அதைப் பூராவும் அணைத்துவிட்டு, உங்கள் வீட்டு இரைச்சலைக் காது கொடுத்துக் கேளுங்கள். இடத்தை மாற்றினால் குறைகிறதா? சார்ஜரைக் கழற்றினால் போகிறதா? உறுமல் போகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கதவை மூடுவது பிறகு. கதவுக்கு வெளியே நின்று கத்துவது யார் என்று முதலில் பார்த்துவிடலாம்.