ரெண்டு சக்கரம், நாலு சக்கரம்

பைக் ரேஸ் ராஜா கார்ல ஏறினாலும் ஜெயிப்பாரா? ரெண்டு பக்கமும் உலகச் சாம்பியன் ஆனவர் ஒரே ஒருத்தர்தான், இங்கிலாந்துக்காரர் ஜான் சர்டீஸ். 500 சிசி பைக்கில் 4 பட்டம் (1956, 58, 59, 60). 1964-ல் ஃபெராரியில் ஃபார்முலா ஒன் பட்டம்.

மாறின கதை சுவாரசியம். அவரோட எம்.வி. அகஸ்டா கம்பெனி, உலகச் சாம்பியன்ஷிப் தவிர வேற பைக் ரேஸ் ஓட்ட விடலை. ஆனா கார் ஓட்டக்கூடாதுன்னு ஒப்பந்தத்தில் இல்லை. மனுஷன் சும்மா இருப்பாரா? 1960-ல் பைக் பட்டத்தையும் விடாம லோட்டஸ் காரிலும் ஏறிட்டார். ஓட்டின ரெண்டாவது ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் ரேஸிலேயே, சில்வர்ஸ்டோனில், இரண்டாமிடம்! (நமக்கு ஜாவாவிலிருந்து டாட்நெட் மாறவே ஆறு மாசம் ஆகுது :-))

அதிர்ஷ்டமும் உண்டு மக்களே. 1964 மெக்சிகோ, கடைசி ரேஸ். முன்னாடி போன ஜிம் கிளார்க்கோட எஞ்சின் முடியற நேரத்தில் படுத்துடுச்சு. சக ஃபெராரிக்காரர் பாண்டினி வழிவிட்டார். கிரகாம் ஹில்லை ஒரே ஒரு பாயிண்டில் முந்தினார்.

அதுக்காக வெறும் அதிர்ஷ்டம்னு ஒத்துக்க மாட்டேன். பைக்கில் 9 உலகப் பட்டம் வாங்கின மைக் ஹெயில்வுட், சர்டீஸோட சொந்த டீம் காரிலேயே ஓட்டியும், ஃபார்முலா ஒன்னில் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கலை. 1972 மோன்சாவில் இரண்டாமிடம், அவ்வளவுதான். சர்டீஸ் வின்சென்ட் பைக் ஃபாக்டரியில் அப்ரெண்டிஸா வேலை கத்துக்கிட்டவர். வண்டி ஏன் இப்படிப் போகுதுன்னு கழட்டிப் பார்க்கத் தெரிஞ்சவர். வித்தியாசம் அங்கதான்னு எனக்குத் தோணுது.