மிதியை இழந்த ரம்பம்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பாஸ்டனிலிருந்து வெளிவந்த ‘யூத்ஸ் கம்பேனியன்’ என்ற வார இதழ், புதிய சந்தாதாரர்களைச் சேர்த்துக் கொடுக்கும் சிறுவர்களுக்குப் பரிசுகள் வழங்கியது. அந்தப் பரிசுப் பட்டியலில் ஒரு ரம்பமும் இருந்தது. கையில் பிடித்து அறுக்கும் ரம்பம் அல்ல; மேசை, சக்கரம், காலால் ஓட்டும் மிதி எல்லாம் பொருத்திய இயந்திரம். சிறுவனை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடிய கருவியாக அன்று அது இருந்தது. அதே வம்சத்தில் வந்த இன்றைய மின்சார ஸ்க்ரோல் சாவின் கையேட்டைத் திறந்தால், முதல் பக்கங்கள் முழுக்க எச்சரிக்கைகள்தான். நடுவில் என்ன மாறியது என்று பார்த்தால், அந்த எச்சரிக்கைகள் ஏன் வந்தன என்பதும் விளங்கிவிடும்.

இந்த ரம்பத்தின் உயிர் அதன் பிளேடு. வழக்கமான நீளம் ஐந்து அங்குலம். மெல்லிய வகைகள் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. மேலும் கீழும் இரண்டு பிடிகளுக்கு நடுவே விறைப்பாக நின்று, ஏறி இறங்கி அறுக்கும். பிளேடு ஓரிடத்தில் நிற்க, கைதான் மரத்தைத் திருப்புகிறது. அதனால் கூர்மையான வளைவுகளும், பலகையின் நடுவிலேயே தொடங்கி முடியும் பூவேலைகளும் இதற்குச் சாத்தியமாகின்றன.

இயந்திரம் வருவதற்கு முன்பே வேலை இருந்தது. பாரிஸில் 1642இல் பிறந்த ஆந்திரே ஷார்ல் பூல், 1672இல் பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனைத் தச்சராக நியமிக்கப்பட்டார். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மெல்லிய ரம்பத்தால் ஒரே மூச்சில் அறுப்பது அவர் பட்டறையின் பெயர்பெற்ற முறை. ஆமையோட்டில் பித்தளைப் பூ ஒரு பலகைக்கு. பித்தளையில் ஆமையோட்டுப் பூ மற்றொன்றுக்கு. ஓர் அறுப்பில் இரண்டு அலங்காரம், துளி வீணில்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே அறுத்தார். பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்துப் பூகோளம் படித்தார்கள். இன்றைய ஜிக்சா புதிர்களின் தொடக்கம் அங்கேதான்.

இந்த வேலையைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தது மிதி. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியை ஒட்டிய ஆண்டுகளில், மரத்தில் துளைப் பூவேலை செய்வது அமெரிக்காவில் ஒரு மோகமாகவே பரவியது. இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் சகோதரர்கள் மிதி இயந்திரங்கள் செய்தார்கள். அவற்றில் ஒருவகையில், அறுப்பவர் இருக்கையில் அமர்ந்து இரண்டு கால்களாலும் மாறிமாறி மிதிக்க வேண்டும். மாசசூசெட்ஸின் மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனம் வீட்டுக்கென்றே சிறிய வகைகளை விற்றது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் டெரம் ஊரைத் தளமாகக் கொண்டிருந்த ‘ஹாபீஸ்’ நிறுவனம், 1895இல் ஒரு வார இதழையே தொடங்கியது. இதழோடு அறுப்பதற்கான வடிவத்தாளும் வந்தது. வாரம் ஒரு வடிவம், அதற்கேற்ற பிளேடு, பலகை எல்லாம் அஞ்சலில் கிடைத்தன. சின்ன அலமாரி, கடிகாரக் கூடு, படச்சட்டம் என்று தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் பூவேலை நுழைந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் மாலை வேளைகளைச் செலவிட்ட விதத்தில் இதற்குள்ள பங்கு போதுமான அளவு எழுதப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மிதியில் ஒரு பாதுகாப்பு தானாகவே அமைந்திருந்தது. கால் நின்றால் ரம்பமும் விரைவில் நின்றுவிடும். பலகை துள்ளினாலோ, பிளேடு இறுகினாலோ, அதிர்ச்சியில் கால் தானே ஓய்ந்துவிடும். வேகமும் கால் தாங்கும் அளவுதான். விளையாட்டுப் பொருள்கள் செய்த பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1909இல் மற்ற விளையாட்டுகளை ஒதுக்கி, தொழிற்சாலை முழுவதையும் மரப் புதிர்களுக்கு மாற்றியபோது, அறுக்கும் வேலைக்குப் பெண்களையே அதிகம் அமர்த்தியது. மிதித் தையல் மிஷினில் பழகிய காலும் கையும் இந்த ரம்பத்துக்கும் பொருந்தும் என்பது ஒரு காரணம். பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பது மற்றொரு காரணம்; அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அறுத்த அந்தப் புதிர்களில் 500 துண்டு கொண்டது ஏறத்தாழ 5 டாலர். அன்று சராசரித் தொழிலாளியின் மாத வருமானமே 50 டாலர்தான்.

பிறகு மோட்டார் வந்தது. மில்வாக்கியில் 1919இல் தொடங்கிய டெல்டா போன்ற நிறுவனங்கள் 1920களிலிருந்து மின்சார ஸ்க்ரோல் சாவை வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தன. காலுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் ஆபத்தை உணர்ந்ததும் நின்றுவிடும் பழக்கம் மோட்டாருக்கு இல்லை. இன்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நல்ல வகை, நிமிடத்துக்கு 400 முதல் 1,750 வெட்டு வரை ஓடும். கால் செய்த வேலைகளை இப்போது அறுப்பவர் ஒவ்வொன்றாக எண்ணிச் செய்ய வேண்டியிருக்கிறது.

பிளேடு மாட்டும்போது பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டும் அடி பலகையை மேசையோடு அழுத்தும். மேலேறும் பிளேடு எப்படியும் பலகையைத் தூக்கப் பார்க்கும்; அதைத் தடுக்கவே இயந்திரத்தில் அழுத்துக் கால் இருக்கிறது. அது பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி உயரத்தை வைக்க வேண்டும். பிளேட்டின் விறைப்பைக் காதாலேயே சோதிக்கலாம்: விரலால் சுண்டினால் தெளிவான நாதம் வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்வு. தளர்ந்த பிளேடு கோட்டை விட்டு விலகும், சீக்கிரம் அறுந்துபோகும். மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, தடித்த கட்டையில் கொஞ்சம் வெட்டி, கட்டையை முழுக்கத் திருப்பிப் பின்பக்கமிருந்து அந்த வெட்டுக்குள் பிளேடை விட்டுப் பார்ப்பார்கள். தடங்கலில்லாமல் நுழைந்தால் சரி.

நடுப்பூவேலையில்தான் கவனம் மிகத் தேவை. துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். ஒரே பலகையில் இதைப் பலமுறை செய்கிறபோது கை அவசரப்படும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்குவதும், இறுக்கியபின் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதும் அந்த அவசரத்தைத் தடுக்கும் வழிகள். சின்னத் துண்டை விரலால் பிடித்து அறுக்கவே கூடாது. பெரிய பலகையில் ஒட்டி அறுத்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம். வட்ட ரம்பத்தைப் போல இது மரத்தை எதிரே எறியாது. அதனாலேயே பலர் அலட்சியமாகிவிடுகிறார்கள். விரல் பிளேடுக்கு நேர்முன்னே இருக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

காலால் அழுத்தினால் மட்டும் ஓடும் சுவிட்சை இப்போது பலர் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். இரண்டு கைகளும் பலகையில் இருக்க, காலை எடுத்ததும் மோட்டார் நிற்கும். கருவியிலேயே இருந்த ஒன்றை நூறு ஆண்டுக்குப் பின் உதிரிப் பாகமாக விலைக்கு வாங்குகிறோம்.

மிதிக் காலத்தாரும் பொருட்படுத்தாத ஆபத்து ஒன்று உண்டு: தூள். நுண்ணிய பிளேடு நுண்ணிய தூளையே கிளப்பும். கோடு தெரிவதற்காக அதை ஊதித் தள்ளுவது அன்றைய வழக்கம். இன்றைய இயந்திரத்திலும் ஊதுவதற்கென்றே குழாய் இருக்கிறது. ஊதிய தூள் அறுப்பவரின் மூச்சுக்குள்தான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995இல் வகைப்படுத்தியது. முகக்கவசம் அணிவதும், மேசைக்கு அடியில் உறிஞ்சுகுழாய் வைப்பதும் வீட்டுப் பட்டறைகளுக்கும் தேவை.